தலைதட்டாத படி

உடுமலையிலிருந்து கொழுமம் வழியாக வருகிற சாயங்கால பஸ்ஸில் ஏறினால், கொமரலிங்கம் முதலில் மூக்குக்குத்தான் வரும். கண்ணுக்கு அப்புறம்தான். வாய்க்கால் சேற்று வாடை, நாற்றங்காலின் பச்சை வாடை, அதற்குப் பின்னால் மெதுவாகக் கிளம்பி வரும் அடுப்புப் புகை. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலோரத்துக்கு நாம் அடித்துக்கொண்ட அடியில் கிழிந்த சட்டை இன்னும் கணக்கில் இருக்கிறது. போன மாதம் போயிருந்தேன். முதல் இரண்டும் வந்தன. மூன்றாவதற்காக ஊர் எல்லை தாண்டும் வரை மூக்கை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

புகையைப் பார்த்துத்தானே நம் தெரு பிழைத்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அப்பத்தா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை இடிப்பாள். கை உரலில் இருக்கும், கண் கூரைகளின் மேல் இருக்கும். "மேக்கால ஊட்டுல இன்னிக்குப் பொகையக் காணோம்." அவ்வளவுதான் சொல்வாள். யாரும் பதில் பேச மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா ஏதோ வேலையாகப் போவதுபோல அந்தப் பக்கம் போவாள். முந்தானைக்குள் போசி இருக்கும். அந்த வீட்டுக்காரிக்கும் தன் கூரையைத் தெரு பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். அதனால் சில நாள் ஈர ஓலையைப் போட்டு வெறும் அடுப்பை மூட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் மூட்டியிருக்கிறோம். ஆனால் அப்பத்தாவை ஏமாற்ற முடியாது. "அது ஓலப் பொகை. சோத்துப் பொகைன்னா கஞ்சி வாசமும் கூட வரோணுமில்ல?"

உலக்கைச் சத்தமும் அப்படித்தான். விடிகாலையில் கம்பு இடிக்கிற சத்தம் எந்த வாசலிலிருந்து கேட்கிறது, எதில் கேட்கவில்லை என்று படுக்கையில் இருந்தபடியே சொல்லிவிடலாம். சோளம் குத்துகிற சத்தத்துக்கு ஒரு கனம் உண்டு. கம்புக்குக் கொஞ்சம் ஈரம் கலந்த சத்தம். நெல் குத்துகிற சத்தம் நம் தெருவில் தைக்கு ஒரு தரம், தீபாவளிக்கு ஒரு தரம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நம்மூர் நெல்லு ஊர். அமராவதித் தண்ணீர் பாயும் பழைய ராஜவாய்க்கால்கள் எட்டு. அவற்றில் பலவற்றுக்கு, கல்லாபுரம், கொமரலிங்கம், கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று வாய்க்காலின் பேரும் ஊரின் பேரும் ஒன்றாகவே இருக்கும். 1957இல் மேலே அணை கட்டி முடிப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே வெட்டியவை. அந்த அணைக்குக் கல் சுமந்தவர்களில் அப்பத்தாவும் ஒருத்தி. "நாஞ்சொமந்த கல்லு தண்ணியத் தேக்குது, எம்பட பானையில தேங்க மாட்டேங்குது" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அதற்குச் சிரிக்கவா வேண்டாமா என்று நமக்குத் தெரியாது.

அம்மா தாராபுரத்துக் காட்டுப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். வானம் பார்த்த கொறங்காடு, கம்பும் சோளமும் கொள்ளும்தான் அங்கே. நெல்லு வெளையற ஊருக்குப் போனா புள்ள சோத்துக்கு அழாது என்று கட்டிக் கொடுத்தார்கள். "கம்மங்காட்டுல பொறந்து வயிறாரத் தின்னேன். நெல்லு வயல் நடுவுல வந்து பட்டினி கெடந்தேன்." இதை அவள் கோபமாகச் சொல்லி நான் கேட்டதில்லை, கணக்குச் சொல்வதுபோலத்தான் சொல்வாள். வயல் யாருடையது என்பதில்தானே சோறு இருக்கிறது. அறுப்புக் காலத்தில் கூலி நெல்லாக வரும். வந்த நெல்லை அப்படியே கொடுத்துச் சோளமாக மாற்றிக்கொள்வோம், அளவு கூடக் கிடைக்கும் என்பதால். "நெல்லுச்சோறு ஊட்டுப்படி தாண்டறதுக்குள்ள பசிக்கும். சோளச்சோறுதான் வவுத்துல நிக்கும்" என்பது அப்பத்தாவின் சமாதானம். அது உண்மையா, இல்லாதவர்கள் கண்டுபிடித்த உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

அறுப்பு முடிந்த வயலில் நீயும் நானும் கொத்தைத் தூக்கிக்கொண்டு எலி வங்கு தேடிப் போன மத்தியானங்கள். வரப்பில் வாய் சின்னதாக இருக்கும். உள்ளே தோண்டினால் கதிர்களை ஒரே அளவாகக் கடித்து, ஒரே பக்கம் தலை வைத்து அடுக்கி வைத்திருக்கும். "நம்மூர்லயே பெரிய பண்ணையக்காரன் இவன்தாண்டா" என்று நீ சொன்னாய். மடியில் கட்டிக்கொண்டு போனால் ஒரு படி தேறும். அந்த நெல்லில் மண் வாசனையோடு வேறொரு வாசனையும் இருக்கும், எலியின் வாசனை என்று வைத்துக்கொள்ளேன். குத்திப் புடைத்துக் கழுவினாலும் போகாது. அப்பத்தா மட்டும் கேட்பாள், "வழிச்சுக்கிட்டு வந்துட்டீங்களா, கொஞ்சம் உட்டுட்டு வந்தீங்களா? அதுக்கும் புள்ளகுட்டி இருக்குதில்ல." விட்டுவிட்டு வந்ததாகப் பொய் சொன்னோம்.

பசி என்றால் வருஷம் முழுக்க இல்லை. அதற்கும் பட்டம் இருந்தது. நட்டு முடித்துக் களையெடுத்த பிறகு அறுப்பு வரைக்கும் ஒரு பள்ளம். வாய்க்கால் அடைத்த பங்குனி சித்திரை இன்னொரு பள்ளம். எல்லாவற்றையும்விட ஐப்பசி மழைதான் பொல்லாதது. ஊரே குளிர்ந்து, தவளை கத்தி, ஆறு புரண்டு ஓடுகிற அந்தப் பத்து நாளும் கூலி கிடையாது. மழையைப் பற்றி யாராவது அழகாக எழுதியிருப்பதைப் படித்தால் எனக்குக் கூரை மூலையில் சட்டி வைத்துவிட்டு நாலு பேரும் ஒரே சாக்கில் சுருண்டு கிடந்ததுதான் ஞாபகம் வரும். "தூங்குங்க சாமி, தூங்குனா பசிக்காது" என்று அம்மா முதுகைத் தட்டுவாள். என் தங்கச்சிக்கு அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் மனசு சரியில்லை என்றால் போய்ப் படுத்துத் தூங்கிவிடுவாள்.

இனி எங்கள் வீட்டில் அளக்கிற படியைப் பற்றி. இரும்புப் படி, வாயில் பித்தளைப் பூண், ஒரு பக்கம் நசுங்கல். நம் தெருவில் யாரும் அரிசி கடன் கேட்டதே கிடையாது, கவனித்திருக்கிறாயா? அம்மா என்னை எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் அனுப்பும்போது சொல்லிக் கொடுப்பாள்: "அம்மா படி கேட்டாங்கன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத." நான் போய் நிற்பேன். "பெரியம்மா, அம்மா படி கேட்டாங்க." எங்கள் வீட்டில் படி இருப்பது பெரியம்மாவுக்குத் தெரியாதா? அது நடுவாசலில்தான் கவிழ்ந்து கிடக்கும். அவள் ஒன்றும் கேட்காமல் உள்ளே போவாள். அடுக்குப் பானையை இறக்கும் சத்தம் கேட்கும். தன் படியில் சோளமோ, ராகியோ, நல்ல நாளாக இருந்தால் அரிசியோ போட்டு, கையால் தலைதட்டி எடுத்து வருவாள். மேலே ஒரு துணி மூடியிருக்கும். "படிய நாளைக்குக் குடுத்தாப் போதும்னு சொல்லு கண்ணு." கேட்டதும் படி, கொடுத்ததும் படி. நடுவில் இருந்த தானியத்தைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

திருப்பிக் கொடுக்கும்போது தலைதட்டக் கூடாது. அது சட்டம். கோபுரமாகக் குவித்து, நடக்கையில் சிந்தாமல் மேலே உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அந்த மேல்குவியலில் எங்கள் வீட்டு ஒருவேளைக் கஞ்சி இருக்கும். கால் தடுக்கிவிடுமோ என்று நான் தெருவைக் கடந்த அந்தப் பத்தடிதான் என் வாழ்க்கையிலேயே நீளமான பத்தடி. பெரியம்மா வாங்கிக்கொண்டு, குவியலில் ஒரு பிடியை என் டவுசர் பையில் போட்டு அனுப்புவாள்.

வெகுகாலம் கழித்து, திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் போக்கிடம் இல்லாமல் நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் புறநானூறு கைக்கு வந்தது. குமணன் இருந்த குமணமங்கலம்தான் பேச்சில் திரிந்து கொமரலிங்கம் ஆயிற்று என்று நம்மூர்ப் பெரியவர்கள் சொல்வார்களே, தெற்கே தெரிகிற மலையைக் காட்டி அவன் மலை என்பார்களே, அந்தக் குமணன்தான். அவனைப் பாடியவர்கள் பசியைப் பாடியிருக்கிறார்கள். பெருந்தலைச் சாத்தனார் வீட்டு அடுப்பு சமையலை மறந்து அதில் காளான் முளைத்துக் கிடக்கிறது. பெருஞ்சித்திரனார் வீட்டுக்காரி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி உப்பில்லாமல் வேக வைக்கிறாள். பிள்ளை வெறும் பானையைத் திறந்து பார்த்து அழுகிறான். புலி வருது என்று பயங்காட்டுகிறாள், நிலாவைக் காட்டுகிறாள். படித்துக்கொண்டே வந்தவன் 163ஆம் பாட்டில் நின்றுவிட்டேன். குமணனிடம் பரிசு வாங்கிக்கொண்டு வீடு வந்த பெருஞ்சித்திரனார் தன் மனைவியிடம் சொல்கிறார்: எல்லோருக்கும் கொடு, என்னைக் கேட்க வேண்டாம், நாளைக்கென்று எடுத்து வைக்க வேண்டாம். அந்த எல்லோரும் யார் யார் என்ற பட்டியலில், நம் வீட்டுப் பசி தீர முன்பு உனக்குக் குறியெதிர்ப்பை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். குறியெதிர்ப்பை என்றால் அளந்து வாங்கி அளந்தே திருப்பித் தரும் கைமாற்று என்று உரையில் போட்டிருந்தது. எனக்கு உரை வேண்டியிருக்கவில்லை. மன்னன் பேர் பாட்டில் நின்றுவிட்டது. எதிர்வீட்டுப் பெரியம்மாவின் பேர் எதிலும் இல்லை, அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எங்கோ நிற்கிறாள்.

ஆனால் படி வாங்கிக் கொடுக்கிற இந்த நியாயமெல்லாம் நம் தெருவுக்குள் மட்டும். தெருமுனை தாண்டினால் வேறு நியாயம். களத்துக்காரர் வீட்டு வாசலில் போசியைத் தரையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்போம். பழைய சோறு மேலிருந்து விழும். எட்டி நின்று, கை படாமல், உயரத்திலிருந்து. தகரப் போசியில் சோறு விழுகிற அந்தத் 'தொப்' சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர்களும் வயிற்றுக்குத்தான் கொடுத்தார்கள். நீச்சத்தண்ணி புளிப்பும் குளுமையுமாக இறங்கும்போது உயிர் வரும், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் பெரியம்மா தலைதட்டிக் கொடுத்த ஒரு படி இறங்கிய மாதிரி அது இறங்கவில்லை.

பசியை வயிற்றோடு நிற்கிற சமாச்சாரம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் அப்பாவைப் பார்த்ததில்லை. வயிறு காலியானால் அவருக்குக் காது அடைத்துவிடும். அம்மா நல்லதைச் சொன்னாலும் ஏச்சாகக் கேட்கும். ஒருநாள் காலியாகக் கிடந்த பானையை எட்டி உதைத்துவிட்டு, உடைந்த ஓடுகளையெல்லாம் தானே பொறுக்கிப் பொடக்காலியில் போட்டுவிட்டு, ராத்திரி வரைக்கும் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தார். புதுப்பானை வாங்க இரண்டு நாள் கூலி. அடிக்கிற ஆள்கள் தெருவில் நாலைந்து பேர் இருந்தார்கள். அறுப்புக் காலத்தில் அவர்களே பெண்டாட்டிக்குப் பூ வாங்கி வருவார்கள்.

களத்தில் நெல் திருடிவிட்டான் என்று ஒரு பையனைக் கம்பத்தில் கட்டி வைத்தார்களே, நினைவிருக்கிறதா? பேர் வேண்டாம், அவன் பேரப்பிள்ளைகள் எடுத்தவன் இப்போது. அவன் அம்மா வந்து அவிழ்த்துக்கொண்டு போவாள் என்று நாம் நின்று பார்த்தோம். வரவே இல்லை. ரொம்ப நாள் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருந்தேன். வந்திருந்தால், வீட்டில் ஒன்றுமில்லை அதனால்தான் எடுத்தான் என்று களத்தில் அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்திருக்கும். பிள்ளை கட்டுண்டு நிற்பதைக்கூட அவளால் தாங்க முடிந்திருக்கிறது, அதைச் சொல்வதைத் தாங்க முடியவில்லை.

அந்த வெட்கம் நமக்கும் சின்னதிலேயே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு இருந்தது, 1956இல் காமராஜர் தொடங்கி வைத்தது. ஆனால் எல்லோருக்கும் இல்லை. "வூட்டுல சோறில்லாதவங்க கை தூக்குங்க" என்றார் வாத்தியார். நல்ல மனுஷர்தான், கேட்கிற விதம் தெரியவில்லை. நான் தூக்கவில்லை. நீதான் உன் கையைத் தூக்கியதோடு என் கையையும் பிடித்து இழுத்துத் தூக்கினாய். அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபம்! அதே கோபத்தோடு உன் பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சள் உப்புமா தின்றேன். மக்காச்சோள ரவை, அமெரிக்காவிலிருந்து 'கேர்' என்று வந்தது. சாக்கிலும் எண்ணெய் டின்னிலும் இரண்டு கை குலுக்கிக்கொள்ளும் படம். கொதிக்கிற அண்டாவிலிருந்து வரும் அந்த இனிப்புக் கலந்த வாசனைக்கு மூன்றாம் பீரியடிலேயே வயிறு புரளும். சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம், எண்கள் எல்லாம் உப்புமா வாசம் அடிக்கும். மாவு தீர்ந்த மாதங்களில் அண்டா கவிழ்ந்து கிடக்கும். வருகைப் பதிவேட்டில் அன்றைக்கே ஆள் குறையும். அந்த டின் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து, மூடி போட்டு, பெட்டியாகி, அதில்தான் தங்கச்சியின் கல்யாணச் சேலை இருந்தது.

வீட்டில் அம்மா கடைசியில்தான் உட்காருவாள். எங்களுக்கு ஊற்றிவிட்டு, அகப்பையால் பானையின் அடியைச் சுரண்டுகிற சத்தம் வரும். அதிகம் சுரண்டினால் குறைவாக இருக்கிறது என்று அர்த்தம். "நீ உண்டியாம்மா?" "அப்பவே ஆச்சு." அந்த "ஆச்சு" நம் தெருவின் பொதுச் சொத்து. வழியில் பார்த்தால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "சோறு உண்டாச்சா?" பதில் எப்போதும் "ஆச்சு." ஆனால் கேட்டவர்கள் அதை ஏற்று நகர்ந்துவிட மாட்டார்கள். உதட்டைப் பார்ப்பார்கள், காய்ந்திருக்கிறதா என்று. "ஆச்சாமா? செரி, ஆனது ஆகட்டும், கையக் கழுவு" என்று வட்டலை எடுத்து வைத்துவிடுவாள் பெரியம்மா. நம் ஊரில் "ஆச்சு" என்று சொல்லி யாரையும் நம்ப வைத்து நான் பார்த்ததில்லை.

1979இல் நான் திருப்பூருக்குப் பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்கு வந்தேன். துணிக்கட்டு மேலேயே தூக்கம். சனிக்கிழமை சம்பளம். முதல் சனிக்கிழமை மெஸ்ஸில் உட்கார்ந்து நெல்லுச்சோறு மூன்று தரம் வாங்கித் தின்றுவிட்டு, நாலாம் தரம் கேட்க வாயெடுத்தபோது அம்மா ஞாபகம் வந்து எழுந்துவிட்டேன். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு வந்தது. பிறகு அதில் முட்டை வந்தது. 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய், 2011இல் அதுவும் இல்லை, சும்மாவே. இதை எல்லாம் இலவசம் என்று டீக்கடையில் ஏளனம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். கை தூக்கச் சொல்லாமல் சோறு போடுவதற்கு ஒரு நாடு எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டது என்று அவர்களுக்குத் தெரியாது. இப்போது காலைச் சாப்பாடும் பள்ளிக்கூடத்தில். 2022இல் மதுரையில் தொடங்கி மறுவருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது. தங்கச்சியின் பேத்தி நம் ஊரில் ஒன்றாம் வகுப்பு. "எனக்கு உப்புமா புடிக்காது, அமுச்சி" என்று ஒருநாள் மூஞ்சியைத் திருப்பினாளாம். இதைப் போனில் கேட்டு நான் அழுதுகொண்டே சிரித்தேன். உப்புமா பிடிக்காது என்று சொல்ல நம் வீட்டில் ஒரு பிள்ளை!

அம்மாவை வயசு காலத்தில் திருப்பூருக்கே கூட்டி வந்துவிட்டேன். லைன் வீடு, ஏழு கதவு, ஒரே தண்ணீர்த் தொட்டி. அந்தப் படியையும் கொண்டு வந்தாள், துணி சுற்றி. ஒருநாள் நான் இப்போது உனக்கு எழுதுகிறாற்போல அந்தக் காலத்து மனுஷர்கள், அந்தத் தெரு என்று அவளிடம் உருகிக்கொண்டிருந்தேன். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அந்தக் காலம் நாசமாப் போவுட்டும். ஒரு படிக்கு உன்னய அனுப்பறதுக்கு மின்ன நான் எத்தன தரம் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்திருப்பேன்னு உனக்குத் தெரியுமா?" தெரியாது. நான் நடந்தது பத்தடி.

2020 மார்ச்சில் ஊர் அடங்கியது. மிஷின் சத்தம் நின்ற திருப்பூரை நான் அதற்கு முன் ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன், 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவில் நொய்யல் பக்கத்துச் சாயப்பட்டறைகளை மூடியபோது. அதுவும் பாதி அடக்கம்தான். இது முழு அடக்கம். எங்கள் வரிசையில் கடைசி அறையில் பீகார்ப் பையன்கள் நாலு பேர். நாலாம் நாள் சாயங்காலம் அம்மா சொன்னாள்: "கடசி ரூம்புல ரெண்டு நாளா குக்கர் விசிலக் காணோம்." எண்பது வயசு. கூரையும் புகையும் இல்லாத ஊருக்கு வந்து, விசிலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்! நான் போய்க் கதவைத் தட்டி எனக்குத் தெரிந்த ஒரே இந்தியில் "கானா?" என்றேன். மீசை முளைக்காத ஒருவன் சிரித்த முகமாக, "ஹோ கயா, அண்ணா" என்றான். திரும்பி வந்து, ஆயிற்றாம் என்றேன். "ஆச்சுன்னானா? சிரிச்சுக்கிட்டே சொன்னானா?" என்று கேட்டாள். படியை எடுத்தாள். ரேஷன் அரிசிதான். தலைதட்டவில்லை.

மே மாதம் ரயில் விட்டார்கள், பையன்கள் போய்விட்டார்கள். போவதற்கு முந்தின நாள் அந்த மீசையில்லாதவன் படியைக் கழுவித் திருப்பிக் கொண்டு வந்தான். உள்ளே ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் வறுத்த கடலை மாவு, அவர்கள் ஊரில் 'சத்து' என்று தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறார்களே, அது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று அவனுக்கும் யாரோ ஒருத்தி சொல்லி வளர்த்திருக்கிறாள். அம்மா முகர்ந்து பார்த்தாள். "பொரிகடல மாவாட்டம் வாசமா இருக்குது" என்று வெல்லம் தட்டிப் போட்டு உருண்டை பிடித்துவிட்டாள்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் ஊருக்குப் போனது பட்டா விஷயமாக, பெரிதாக ஒன்றுமில்லை. வயல்களில் பாதி தென்னந்தோப்பாகிவிட்டது, மீதியில் நெல் நிற்கிறது. காலை ஆறரைக்குக் கம்பெனி வேன்கள் தெருமுனையில் வரிசையாக நிற்கின்றன. தலை ஈரம் காயாத பெண்பிள்ளைகள் ஓடிவந்து ஏறுகிறார்கள். சாப்பாட்டுப் பை கையில் இருக்கிறது, காலையில் தின்றதற்கான தெம்பு முகத்தில் இல்லை. ஒருத்தியிடம் கேட்டால், "டீ குடிச்சாச்சுங்க, மத்தது பத்து மணிக்கு" என்றாள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. வீட்டில் அரிசி மூட்டை இருக்கிறது, தின்ன நேரம் இல்லை. வேன் போனதும் தெரு துடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. எல்லாக் கதவிலும் பூட்டு. எல்லாம் ஓட்டு வீடும் மாடி வீடும், உள்ளே கேஸ் அடுப்பு. மேலே பார்த்தேன். யார் வீட்டில் சமைத்தார்கள், யார் வீட்டில் சமைக்கவில்லை என்று வானத்தைப் பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லை.

எதிர்வீடு மட்டும் திறந்திருந்தது. பெரியம்மாவின் பேரன் சம்சாரம், கைக்குழந்தைக்காரி, அதனால் வேலைக்குப் போகவில்லை. யாரென்று சொன்னதும் "உள்ள வாங்க மாமா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நல்ல பிள்ளை. சுவரில் பெரியம்மா மாலையோடு இருந்தாள். எனக்கு என்ன வந்ததோ, வாசற்படியிலேயே நின்றபடி, "கண்ணு, படி இருக்குதா?" என்றேன்.

"படிங்களா?" ஒரு நிமிஷம் யோசித்தாள். உள்ளே போனாள். அடுக்குப் பானை இறக்குகிற சத்தத்துக்குக் காது தானாகத் தயாராகிவிட்டது. டிராயர் இழுக்கிற சத்தம் வந்தது. குக்கரோடு வந்த சின்ன பிளாஸ்டிக் கப் ஒன்றைக் கழுவி, முந்தானையால் துடைத்து, என் கையில் கொடுத்தாள். "இதுதானுங்க மாமா இருக்குது. என்ன அளக்கோணும்?"

"ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா கேட்டேன்" என்று திருப்பிக் கொடுத்தேன்.

"சாப்புட்டீங்களா மாமா?"

காலையில் உடுமலையில் ஒரு டீ குடித்ததுதான். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

"ஆச்சு கண்ணு" என்றேன்.

"செரிங்க மாமா" என்று நம்பிவிட்டாள்.